ஏழாங்கட்டை மலைவேங்கைகளின் மொய்க் கணக்கு

ஏழாங்கட்டைத் தேயிலைத் தோட்டம், ரிங்லெட்
3 ஆகஸ்டு 2025

அன்பு மருமகள் ரூபினிக்கு,

ஏழாங்கட்டை மலைவேங்கைகள் கால்பந்துக் கழகத்தின் வாழ்நாள் தலைவரும், உன் அம்மாவின் ஒரே அண்ணனும், நடந்து வந்தால் கேமரன் மலைப் பனியே ஒதுங்கி வழிவிடும் ஆளுமாகிய குணாளன் மாமா எழுதுவது.

நான் அனுப்பும் குரல் பதிவுகளை நீ திறப்பதே இல்லை என்று உன் அம்மா சொன்னாள். பதினேழு நிமிடம் நீளமாம். என் மனக்குமுறலைப் பதினேழே நிமிடத்தில் அடக்கிவிட்டேனே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். போகட்டும். இனிமேல் கடிதம். நம் ஊர்த் திருமாறனின் முட்டைக்கோசு லோரி வாரத்துக்கு இரண்டு தடவை கோலாலம்பூர்ப் பக்கம் செலாயாங் சந்தைக்கு இறங்குகிறது. உன் அடுக்குமாடிக் காவலர் சாவடியில் போட்டுவிட்டுப் போவான். உறை ஈரமாக இருந்தால் பாதி முட்டைக்கோசுத் தண்ணீர், பாதி என் கண்ணீர்.

செய்தி இதுதான். மாவட்ட லீக்கின் முதல் டிவிஷனிலிருந்து நாம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டோம்.

கடைசி ஆட்டத்தில் டிரா செய்தாலே தப்பித்துவிடுவோம் என்பது என் கணக்கு. அதனால் பதினொரு பேரையும் கோல்கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அந்தச் சுவரைப் பார்த்து எதிரணியில் இரண்டு பேர் வேறு விளையாட்டுக்கே மாறிவிட்டார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். உறுமி மேளத்தோடு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, ரிங்லெட் டவுன் வரைக்கும் ஊர்வலம். முகம்மது பாய் கடை வாசலில் லீக் செயலாளர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“தலைவரே, எதுக்கு மேளம்?”

“தப்பிச்சிட்டோம்லா.”

“இருபது பாய்ண்டு வேணும். உங்களுக்குப் பதினெட்டுதான்.”

தோளில் தூக்கியிருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

எங்கே தவறு என்றால், மே மாதம் பிரிஞ்சாங் அணியோடு டிரா செய்த ஆட்டத்தை, ஜெயித்த ஆட்டமாகக் கடைகடையாகச் சொல்லி வந்தேன். சொல்லிச் சொல்லி, பாய்ண்டுக் கணக்கை எழுதும்போதும் ஒன்றுக்குப் பதில் மூன்று என்றே எழுதிவிட்டேன்.

அதன் பிறகு எல்லாம் சரிந்தது. திரிங்காப் ரோஜாத் தோட்ட முதலாளி ஜெர்சிக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்திவிட்டார். எட்டு ஆட்டக்காரர்கள் கம்போங் ராஜா அணிக்கு ஓடிவிட்டார்கள். தோட்டத்து மேனேஜர், அதாவது துரை, என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். எட்டு வருடத் திடல் வாடகை, வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு, ஆக ஒன்பதாயிரத்து அறுநூறு வெள்ளி. அதோடு கணக்காய்வு செய்த வரவு செலவுக் கணக்கு. இரண்டும் நவம்பர் 15-க்குள் மேசைக்கு வரவேண்டும். வராவிட்டால் திடல் ஸ்ட்ராபெரிக்காரருக்குப் போய்விடும். கோல்கம்பம் நிற்கிற இடத்தில் நெகிழிக் கூடாரம். திடல் இல்லாத அணிக்கு லீக்கில் இடமில்லை. அறுபத்தொரு வருடக் கழகம், ஜாம் பாட்டிலுக்குள் போய்விடும்.

கணக்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒன்பது வருடமாக நம் கழகப் பதிவேட்டில் கணக்காய்வாளர் நீதான். உன்னிடம் சொல்ல விட்டுப்போயிருக்கலாம்.

அன்பு மாமா,
குணாளன்


செலாயாங்
7 ஆகஸ்டு 2025

மாமா,

கடிதம் கிடைத்தது. ஈரம் முழுக்க முட்டைக்கோசுதான், முகர்ந்து பார்த்தேன்.

என் பெயரை உடனே எடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன். ஒன்பது வருடக் கணக்கில் என் பெயர் இருக்கிறது. நானோ ஓர் ஆடிட் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள். அந்தக் கணக்கில் ஓட்டை இருந்தால் என் முதலாளி என்னைத்தான் கேட்பார். ஆகவே இதை உதவி என்று நினைக்க வேண்டாம். தற்காப்பு.

கணக்காய்வாளர் என்று சொல்லி வங்கியில் விசாரித்தேன். கழகத்தின் கணக்கில் 212 வெள்ளி 40 காசு இருக்கிறது. டிக்கெட், சந்தா, ரோஜா முதலாளியின் பணம் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு நாலாயிரமாவது வந்திருக்க வேண்டும். அது எங்கே?

இருக்கிற எல்லாக் காகிதத்தையும் அனுப்புங்கள். இனிமேல் நீங்கள் எழுதும் ஒவ்வொரு கூற்றுக்கும் ரசீது வேண்டும். ரசீது இல்லாத வாக்கியத்தை நான் படிக்கமாட்டேன்.

ரூபினி


ஏழாங்கட்டை
12 ஆகஸ்டு 2025

ரசீது ராணிக்கு,

மூன்று மைலோ டின் நிறையக் காகிதம் அனுப்பியிருக்கிறேன். அடியில் மூன்று பள்ளிக்கூட நோட்டுகளும் இருக்கும். அவை என் சொந்தப் பதிவுகள். அவசரமில்லை, கடைசியாகப் பார்த்தால் போதும். பார்க்காமல் விட்டாலும் வருத்தமில்லை.

அணியைத் திரும்பக் கட்டும் வேலை புயல் வேகத்தில் நடக்கிறது. கோல்கீப்பர் வசந்தனைக் கம்போங் ராஜாக்காரர்கள் ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்துத் தூக்கிப் போனார்கள். ஆறடி உயரம், கதவு மாதிரிக் கை. மோட்டாருக்கு ஆசைப்பட்டுக் கதவு போய்விட்டது. ஆனால் முன்வரிசைக்கு ஒரு ஆள் பிடித்திருக்கிறேன். முகம்மது பாயின் மகன் ஹக்கீம். கடையில் ஒரே நேரத்தில் ஏழு தட்டு ரொட்டி சானாயைக் கையில் அடுக்கிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே ஒருவர்மேலும் படாமல் நெளிந்து ஓடுவான். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இவனுக்குத் தட்டுக்குப் பதிலாகப் பந்தைக் கொடுத்தால் போதும்.

பாயிடம் பேசினேன். “சம்பளம் எவ்வளவு கேப்ப?” என்றேன்.

“எனக்குச் சம்பளம் வேணாம் தலைவரே. ஞாயித்துக்கெழம அவன் இடத்துல நீங்க வந்து தட்டுத் தூக்குங்க” என்றார்.

ஒத்துக்கொண்டேன். தலைவர் பதவியின் கம்பீரத்தோடு மூன்று வாரமாக மேசை துடைக்கிறேன். (ரசீது: என் சட்டையில் டால்ச்சாக் குழம்புக் கறை. வேண்டுமானால் சட்டையை அனுப்புகிறேன்.)

அன்பு மாமா,
குணாளன்


செலாயாங்
23 ஆகஸ்டு 2025

மாமா,

அந்த மூன்று நோட்டுகளைத்தான் முதலில் பார்த்தேன். மற்ற செலவுக்கெல்லாம் டின்னில் ரசீது இருக்கிறது, நோட்டில் இருப்பதற்குத்தான் இல்லை.

முப்பது வருடம். 286 வீடு, வீட்டுக்கு ஒன்றாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனைப் புகுவிழா. கழகப் பணத்திலிருந்து மொய் மட்டும் 10,870 வெள்ளி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் தேதி, வீட்டுக்காரர் பெயர், தொகை, சாப்பாடு எப்படி இருந்தது என்ற குறிப்பு. “பாயசம் சுமார், 30 வெள்ளி.” “மண்டபம் பெரிது, ஆகவே 50.”

2017-ஆம் ஆண்டில் மலைவேங்கைகள் வாங்கிய பந்து இரண்டு. எழுதிய மொய் பதினாறு.

இதைத் துரையின் மேசையில் வைத்தால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கழகப் பணத்தில் தலைவர் முப்பது வருடம் விருந்து சாப்பிட்டார் என்பார். அதற்குக் கணக்காய்வாளர் என்று என் பெயரையும் காட்டுவார். பதில் எழுதுங்கள். நீளமாக வேண்டாம்.

ரூபினி


ஏழாங்கட்டை
29 ஆகஸ்டு 2025

மருமகளே,

உன் கடிதத்தைப் படித்தபோது ரிங்லெட் அணை ஏரியில் தண்ணீர் மூன்றடி இறங்கியது. நான் விட்ட பெருமூச்சில் ஆவியாகிவிட்டது.

நீ பட்டணத்தில் பெரிய படிப்புப் படித்தவள், உனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. மொய் செலவு இல்லை. பிறர் வீட்டில் போட்டு வைத்த பணம். மண்டபத்தில் மைக் பிடித்து, “ஏழாங்கட்டை மலைவேங்கைகள், தலைவர் குணாளன், ஐம்பது வெள்ளி” என்று வாசிப்பார்கள். நானூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் நாற்பது பேர் அடுத்த ஞாயிறு டிக்கெட் எடுத்து வருவார்கள். அது ஒரு பக்கம். மறுபக்கம், வாங்கியவன் வீட்டு நோட்டில் அந்தப் பெயர் ஏறிவிடும். நம் வீட்டில் விசேஷம் வைக்கும்போது, அதே பெயருக்கு, பத்து வெள்ளியாவது கூட்டித் திருப்பி எழுதுவான். எழுதாமல் விட்டவனை இந்த மலையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள்.

ஆனால் மொய்யைக் கேட்டு வாங்கக் கூடாது. அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. விசேஷம் வைத்தால்தான் வரும். போன வாரம் ஒருவனிடம் சும்மா பேச்சுவாக்கில் தூண்டில் போட்டுப் பார்த்தேன். “கிளப்பு எங்களுக்கு எழுதுனது நெனவிருக்கு தலைவரே. கிளப்புல கல்யாணம்னா சொல்லுங்க, மொத ஆளா வந்து எழுதுறேன்” என்றான். கழகத்துக்கு ஏது கல்யாணம்?

என் வீட்டில் நடந்திருக்கவேண்டும். உன் அத்தை ருக்குமணிக்கும் எனக்கும் ஒரு பிள்ளை இருந்திருந்தால் பெயர் சூட்டல், காதுகுத்து, கல்யாணம் என்று இந்தப் பணம் எப்போதோ திரும்பியிருக்கும். 286 பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு பந்தி போட்டதில்லை.

இதற்கு ரசீது கிடையாது. இந்த வாக்கியத்தை நீ படிக்காமல் விட்டுவிடலாம்.

குணாளன்


செலாயாங்
4 செப்டம்பர் 2025

மாமா,

படித்தேன்.

இரண்டு நாள் யோசித்து, 10,870 வெள்ளியைச் செலவுப் பக்கத்திலிருந்து எடுத்து, வரவேண்டிய பணம் என்ற தலைப்பில் போட்டுவிட்டேன். நோட்டில் பெயரும் தேதியும் இருப்பதால் அதற்கு நியாயம் உண்டு. பாயசக் குறிப்புகள் கூட இந்த விஷயத்தில் சாட்சிதான்.

ஆனால் வராத பணத்தை நம்பி எந்தத் துரையும் திடலை விடமாட்டார். நவம்பர் 15-க்கு முன்னால் ஒரு விசேஷம் வேண்டும். நியாயமான விசேஷமாக இருக்கவேண்டும். நானும் யோசிக்கிறேன், நீங்களும் யோசியுங்கள். என்னைக் கேட்காமல் எதையும் செய்துவிடாதீர்கள்.

ரூபினி


ஏழாங்கட்டை
11 செப்டம்பர் 2025

என் குலவிளக்குக்கு,

கேட்காமல் செய்யக்கூடாது என்றாய். அதனால் செய்துவிட்டுக் கேட்கிறேன்.

இத்துடன் இருக்கும் மாதிரி அழைப்பிதழைப் பார். நடுவில் தங்க நிறத்தில் இருப்பது பிள்ளையார். அவருக்குக் கீழே சாய்வாக இருப்பது கால்பந்து. அச்சகக்காரர் லட்டு என்று நினைத்துவிட்டதால் மேலே ஒரு முந்திரி இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். மணமகள் ரூபினி. மணமகன் வசந்தன். இடம் ரிங்லெட் மண்டபம். நாள் நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. அழைப்பவர்கள், மலைவேங்கைகள் கழகத்தினர். மண்டபத்துக்கு முன்பணம் முந்நூறு வெள்ளி கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்களாம்.

யோசித்துப் பார். ஒரே தாலியில் திடலும் மீள்கிறது, கோல்கீப்பரும் மீள்கிறான். மனைவி ஊரை விட்டுக் கம்போங் ராஜாவுக்கு எவன் விளையாடுவான்? பையன் நல்லவன். ஆறாம் வகுப்பில் அவன் கையை நீ கடித்ததை இன்னும் மறக்கவில்லை. அது ஒருவகையில் முதல் பொருத்தம்.

வசந்தனிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன் சம்மதம்தான் முக்கியம் என்று நினைக்கும் முற்போக்கான மாமா நான்.

குணாளன்


செலாயாங்
14 செப்டம்பர் 2025

மாமா,

இந்தக் கடிதத்தின் முதல் மூன்று பிரதிகளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, “இதயெல்லாம் எழுத்துல வைக்காதடி” என்றார்.

எனக்குக் கல்யாணம் என்றால் அதை நான் சொல்வேன். ஒரு திடலுக்காக, அதுவும் வடக்குக் கோல் தெற்குக் கோலைவிட நாலடி உயரத்தில் இருக்கும் திடலுக்காக, நான் மணவறையில் உட்காரமாட்டேன். வசந்தனைக் கடித்தது அவன் என் அழிப்பானைத் திருடியதால். தேவைப்பட்டால் மறுபடியும் கடிப்பேன். உங்களையும்.

இது முடிந்தது. அடுத்த விஷயம்.

மண்டபம் பிடித்த தேதியை எங்கேயோ பார்த்த நினைவு இருந்தது. தேடினேன். கழகப் பதிவுப் படிவத்தோடு உங்கள் அடையாள அட்டையின் நகல் இருக்கிறது. எண்ணின் முதல் ஆறு இலக்கம் 651109. இந்த நாட்டில் பிறந்த தேதியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டுதான் எல்லாரும் நடக்கிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து, நவம்பர் ஒன்பது.

உங்களுக்கு அன்றைக்கு அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணம் வைக்கலாம். மாப்பிள்ளை கழகத் தலைவர். பொண்ணு ருக்குமணி அத்தை. அழைப்பவர்கள் கழகத்தினர். 286 வீட்டுக்கும் அழைப்பு. பொய் எதுவும் தேவையில்லை. ஊரில் நீங்கள் சொல்லிக்கொள்ளும் வயது என்ற ஒரு பொய்யைக் கைவிட்டால் போதும்.

மண்டபமும் வீணாகாது.

ரூபினி


ஏழாங்கட்டை
20 செப்டம்பர் 2025

மருமகளே,

அறுபது என்பது வதந்தி.

அடையாள அட்டை அலுவலகத்தில் அந்தக் காலத்தில் பனி அதிகம். எதைப் பார்த்து எதை எழுதினார்களோ.

நிதானமாகச் சொல்கிறேன், கேள். லீக்கின் ஆட்டக்காரர் படிவத்தில் மாற்று ஆட்டக்காரர்களில் கடைசிப் பெயர் என்னுடையது. வயது 51. ஒன்பது வருடமாக 51. அவசரத்துக்குத் தலைவரே இறங்குவார் என்ற அச்சத்தில்தான் எதிரணிகள் நம்மிடம் அடக்கி வாசிக்கின்றன. அறுபது என்று அட்டை அடித்துக் கொடுத்தால், கம்போங் ராஜாக்காரர்கள் எனக்கு ஊன்றுகோல் வாங்கி மொய் வைப்பார்கள்.

இன்னொன்று. இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. உன் அத்தையைப் பெண் பார்க்கப் போனபோது எனக்கு முப்பது. அவள் அப்பா முறைத்த முறைப்பில் இருபத்தாறு என்று வாயில் வந்துவிட்டது. அவளுக்கு இந்த நவம்பரிலும் எனக்கு ஐம்பத்தாறுதான். அறுபதாம் கல்யாணம் என்று போய் நின்றால், அந்த நாலு வருடத்துக்கு என்ன பதில் சொல்வேன்? மாதம் ஒரு தடவை, அவள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து, தலைக்கு மை பூசுகிற மனிதனடி நான்.

வேறு வழி யோசி. நானும் யோசிக்கிறேன். நேற்று ஸ்ட்ராபெரிக்காரர் அளவு நாடாவோடு வந்து நடுவட்டத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டுப் போனார். பிடுங்கிவிட்டேன். இன்றைக்கு அங்கே இரண்டு குச்சி.

குணாளன், வயது சொல்லப்படவில்லை


செலாயாங்
25 செப்டம்பர் 2025

மாமா,

லீக் செயலாளரோடு போனில் பேசினேன். படிவத்தில் வயதுக்குப் பக்கத்திலேயே அடையாள அட்டை எண் கேட்கிறார்கள். நீங்கள் 651109 என்று எழுதி, பக்கத்தில் 51 என்றும் எழுதுகிறீர்கள். ஒன்பது வருடமாக அந்தப் படிவம் எப்போது வரும் என்று அலுவலகமே காத்திருக்குமாம்.

அத்தையோடும் பேசினேன். நான் சொல்லவில்லை, அத்தையே ஆரம்பித்தார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கல்யாணத்தப் பதிவு பண்ணுன அன்னிக்கே அவரு ஐ.சி. அட்டையப் பாத்துட்டேன்டி. அவ்வளவு ஆசையா ஒரு பொய் சொல்லிருக்காரு, எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். மை பூசுறப்ப பின்னந்தலையில விட்டுப்போகும். தூங்குறப்ப நான்தான் பூசி விடுவேன்.”

பிறகு இதையும் சொன்னார்: “முப்பது வருஷமா யாரு யாரு கல்யாணத்துக்கோ பட்டுச் சேலை கட்டிட்டுப் போறேன். நானும் ஒரு தடவ மணவறையில உக்காந்து, நாலு பேரு வந்து எனக்குன்னு எழுதிட்டுப் போனா நல்லாத்தான் இருக்கும். அவருகிட்டச் சொல்லிடாத.”

சொல்லிவிட்டேன். முடிவு உங்களுடையது.

குச்சி இப்போது எத்தனை?

ரூபினி


ஏழாங்கட்டை
2 அக்டோபர் 2025

ரூபினி,

பதினொன்று. ஓர் அணியே நிற்கிறது.

உன் கடிதத்தைத் திடலில், வடக்குக் கோல்கம்பத்தில் சாய்ந்து நின்று படித்தேன். வீட்டுக்குப் போனேன். உன் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். “ருக்கு, எனக்கு என்ன வயசு?” என்றேன். “எத்தனை வேணும்?” என்றாள். அதற்கு மேல் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. இப்படி நடந்தது 1998-இல் ஒரு தடவை. அன்றைக்கு எனக்குத் தொண்டைக் கட்டு.

அச்சகத்துக்குப் போனேன். “வயசு போடணுமா தலைவரே?” என்றார் அச்சகக்காரர். போடு என்றேன். “எத்தன?” என்றார். கடையில் ஆறு பேர் இருந்தார்கள். சத்தமாகத்தான் சொன்னேன்.

அழைப்பிதழ் இணைத்திருக்கிறேன். கழகத்தின் பெயர் மேலே பெரிதாக, எங்கள் பெயர் அதற்குக் கீழே. பந்தை அப்படியே விட்டுவிட்டேன். முந்திரியையும் விட்டுவிட்டேன், அத்தைக்குப் பிடித்திருக்கிறதாம்.

குணாளன்


செலாயாங்
16 நவம்பர் 2025

மாமா,

விசேஷம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மொய் மேசையில் உட்கார்ந்து எழுதியதில் வலதுகை விரல்கள் இன்றுதான் மடங்குகின்றன. கணக்கு இதோ.

286 வீட்டில் 241 வீடு வந்தது. வசூல் 11,925 வெள்ளி. தங்கள் பழைய நோட்டுகளைக் கையிலேயே கொண்டு வந்து, நம் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தை நீட்டினார்கள். 2004-இல் நீங்கள் “பாயசம் சுமார்” என்று எழுதியிருந்ததை ஓர் அம்மா படித்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு இரண்டாவது வடை வைத்தேன்.

செலவு 1,140. திரிங்காப் தோட்டக்காரர்கள் காய்கறியை இனாமாக இறக்கியதாலும், முகம்மது பாய் தன் கடைச் சமையல்காரர்களை அனுப்பிச் சைவப் பந்தியை முடித்துக் கொடுத்ததாலும் இவ்வளவில் நின்றது. பாயின் மகள் அஃப்ராவின் கல்யாணத்துக்கு நீங்கள் எழுதிய ஐம்பது வெள்ளியை நூறாகத் திருப்பி எழுதியதோடு, “தட்டுத் தூக்குனதுக்குத் தனியா” என்று பதினைந்து வெள்ளி வைத்தார். அதை ஊதியம் என்று காட்டியிருக்கிறேன். உங்கள் வாழ்க்கையில் ரசீதுள்ள முதல் சம்பாத்தியம்.

மீதி 10,785. வியாழக்கிழமை துரையின் அலுவலகத்தில் 9,600 கட்டி, கணக்கையும் கொடுத்தேன். மொய் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் அவரே, தனக்கு அழைப்பு வரவில்லையே என்று குறைப்பட்டார். திடல் நம்முடையது, ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மிச்சம் 1,185 வெள்ளி. ஆனால் ஒவ்வொருவரும் கூட்டி எழுதியது இனி நாம் திருப்பவேண்டியது. அடுத்த வருடம் பதினான்கு கல்யாணம் வருகிறது. மண்டபம் பெரிது என்பதற்காகத் தொகையைப் பெரிதாக்காதீர்கள். முதலில் பந்து வாங்குங்கள்.

ஒரே ஒரு பதிவை எந்தப் பக்கத்தில் போடுவது என்று தெரியவில்லை. வசந்தன் மேசைக்கு வந்தான். மோட்டாருக்குத் தவணையை அவனே கட்டவேண்டும் என்று கம்போங் ராஜாவில் சொல்லிவிட்டார்களாம். “என்ன எழுதட்டும்?” என்று கேட்டேன். “காசு இல்ல. ஒரு சீசன்னு எழுது” என்றான். அப்படியே எழுதியிருக்கிறேன்: வசந்தன், ஒரு சீசன். பக்கத்தில் ஒரு புது அழிப்பானையும் வைத்துவிட்டுப் போனான். அது என் சொந்த வரவு. நீங்கள் ஒன்றும் யோசிக்கவேண்டாம்.

அத்தை மாலையோடு உட்கார்ந்திருந்த படத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் பின்னந்தலை அதில் விழவில்லை.

குரல் பதிவு இனி மூன்று நிமிடம் வரை அனுமதி.

ரூபினி


ஏழாங்கட்டை
12 ஜனவரி 2026

அன்பு மருமகளுக்கு,

மூன்று நிமிடத்தில் எனக்குத் தொண்டையைச் செருமத்தான் நேரம் இருக்கும். ஆகவே கடிதமே.

நேற்று இரண்டாம் டிவிஷனின் முதல் ஆட்டம். நம் திடலில். இரண்டுக்கு ஒன்று ஜெயித்தோம். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். நடுவர் கையெழுத்துப் போட்ட ஆட்டப் படிவத்தின் நகல் இணைப்பில் இருக்கிறது. ரசீது எண் ஒன்று.

இரண்டு கோலும் ஹக்கீம். இரண்டாவதைப் போடுவதற்கு முன்னால் மூன்று பேரைத் தாண்டினான். முப்பது என்று எழுத வந்தேன். பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டேன். வசந்தன் எட்டுப் பந்தைத் தடுத்தான். பார்க்க வந்தவர்கள் நூற்று இருபத்தாறு பேர். டிக்கெட் அடிக்கட்டைகளையும் அனுப்பியிருக்கிறேன், எண்ணிக்கொள். துரையும் வந்து இரண்டு வெள்ளி டிக்கெட் எடுத்தார்.

படிவத்தின் கடைசி வரியைப் பார். மாற்று ஆட்டக்காரர், சட்டை எண் 16, குணாளன், வயது 60. லீக் செயலாளர் அதை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்தார். “என்ன தலைவரே, எங்க ஆபீஸ்ல இனிமே எதப் பாத்து சிரிக்கிறது?” என்று வருத்தத்தோடு கேட்டார்.

எண்பத்தெட்டாவது நிமிடம் நான் இறங்கினேன். அந்த நேரம் பார்த்துப் பனியும் இறங்கியது. வடக்கிலிருந்து தெற்கே, சரிவில் ஓடினேன். அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் ஓடலாம். ஆட்டம் முடிவதற்குள் பந்தை ஒரு தடவை தொட்டேன். ஒரே ஒரு தடவை. இந்த வாக்கியத்தை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. பாராட்டாமல் விட்டுவிடாதே.

அன்பு மாமா,
குணாளன் (60)

பின்குறிப்பு:
ரூபினி, உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி நானும் படிச்சேன். எல்லாம் நிஜம்தான், அந்தக் கடைசி விஷயம் தவிர. அவரு பந்தைத் தொடல. பந்துதான் வந்து அவரு முதுகுல பட்டுச்சு. அவரு அப்ப என்னைப் பாத்துக் கை காட்டிக்கிட்டு இருந்தாரு.
— அத்தை